அலங்காரத்தை அணைத்தேன்

அன்பு ஹமீதா பானுவுக்கு ஸலாம். முட்டுவலி தேவலையா?

சிரிக்காதே. குவைத் அறையில் உள்ள கம்ப்யூட்டருக்குப் புது வெர்ஷன் போட்டதும் திரை பனி படிந்த கண்ணாடியாக மங்கிவிட்டது. அழுக்கென்று நினைத்து, கைலியை நனைத்துத் தேய்தேய் என்று தேய்த்தேன்.

கூட இருக்கும் அறந்தாங்கி தௌஹீத், "மச்சான், அது அழுக்கில்ல, அலங்காரம்! அதைச் சுமந்துதான் மெஷினுக்கு மூச்சு வாங்குது" என்றான்.

நேற்று வீடியோ காலில் உன் முகம் பாதிக் கொட்டாவியில் நின்றதும் அதனால்தானாம். ஊருக்கு வர லீவும் இல்லை, இதில்தான் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை நம் மகள் மிஸ்பாவின் நிக்காஹ் நேரத்தில் இப்படி நின்றால் என்ன செய்வது? இருப்புக்கொள்ளாமல் அலங்காரத்தையெல்லாம் நானே அணைத்தேன். இப்போது பறக்கிறது.

போனில் சார்ஜ் ஏற்றி வை. பிள்ளை முகத்தைக் கிட்டத்தில் காட்டச் சொல். டூட்டிக்கு வண்டி வந்துவிட்டது.

உன் படம் ஒன்று அனுப்பு. திரையின் பின்னணியில் நான் வைத்திருந்த உன் படத்தையும் கம்ப்யூட்டர் அலங்காரத்தில் சேர்த்து எடுத்துவிட்டது.

ஹாஜா முகைதீன்