நாறாத கருவாடு

நடுக்கடல், மார்ச் 1764

என் தபித்தாவுக்கு,

எதிரே பாஸ்டன் போகும் கப்பல் வந்ததால் இதை எழுதுகிறேன்.

கருவாடு நாறிவிட்டது, பணம் கிடையாது என்று நம் ஸ்பெயின் கூட்டாளிகள் எழுதினார்களே, அதே சரக்கில் அனுப்பாமல் மிஞ்சிய ஒரு கட்டு மீனை எடுத்து வந்து பன்னிரண்டு நாளாகத் தின்கிறேன். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசி மீனை அவர்கள் மேசையில் வைப்பேன்.

அவர்கள் கடிதத்தின் கடைசி வரியைக் கப்பல் தலைவர் படித்தார். “அடுத்த தவக்காலத்துக்கும் இதே கருவாடு வேணுமாமே? நாறுனதை எவன்யா மறுபடி கேப்பான்?” என்றார்.

அந்த வரியை அவர்கள் ஊர் நீதிபதி முன்னால் அவர்களையே படிக்கச் சொல்வேன். பாதிப் பணம் தருகிறோம் என்றால் வாங்க மாட்டேன்.

உன் அம்மாவின் வெள்ளிக் கரண்டிகளைத் தேடாதே. நான் பணத்தோடு வந்த மறுநாள் அவை மீண்டும் அலமாரியில் இருக்கும். அதுவரை விருந்தாளிகளைக் கூப்பிடாதே.

உன் கணவன்