பனித்துளிக்குள் ஒரு கொண்டை

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் பால்கனி மிளகாய்ச் செடியில் வசித்துவந்த குட்டிச் சிலந்தியார் நேற்றுக் காலை மூன்றாம் இலையிலிருந்து ஐந்தாம் இலைக்குக் குடிபெயர்ந்துவிட்டார், சாமான் செட்டு எதுவும் இல்லை. மற்றபடி இங்கே எல்லாரும் சௌக்கியம், அங்கே நீ சௌக்கியமா, உன் இருமல் மட்டும் சௌக்கியமாக இருக்க வேண்டாம். வழக்கமாக அம்மாதானே எழுதுவாள், இதென்ன கோழிக் கிறுக்கல் என்று முகம் சுளிக்காதே, இந்தத் தடவை பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டாள், காரணம் பின்னால் வருகிறது. அவள் வரிசையிலேயே போகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனால் கடைக்குப் போகச் சொன்னால் திரும்பி வந்துவிடுகிறது. குழாய்க்காரர் இதோ வர்றேன் என்று சொல்லி மூன்று வாரம், குழாய் மட்டும் சொன்ன சொல் தவறாமல் ஒழுகுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே.

நீ விட்டுப்போன சின்ன கேமராவில் எடுத்த சிலந்திப் படத்தை உன் ஆபீஸ் காலண்டரில் போடுகிறார்கள், கீழே என் பெயர், மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். படத்தோடு நான் அனுப்பிய வசனம் உனக்கு ஞாபகம் இருக்கும், கலைஞனின் பொறுமை, ஒரே மூச்சு, ஒரே கிளிக் என்றெல்லாம். உன் மேனேஜர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இலை மேல இருக்கற பனித்துளிக்குள்ளே படம் எடுத்தவர் கடுகளவு தெரியுறார், உங்க தம்பி கொண்டை போடுவாரா என்று கேட்டாராம், நீயும் சிரித்து எழுதியிருந்தாய். அக்கா, என் தலை ஒட்ட வெட்டிய கிராப்பு. வீட்டில் கொண்டை ஒன்றுதான்.

பதினோரு நாள் நானும் எடுத்தேன். தள்ளி நின்று ஜூமை இழுத்து இழுத்து வந்ததெல்லாம் பச்சை மூட்டம், ஃப்ளாஷ் போட்டால் சிலந்தி வெள்ளைப் பொட்டு. கேமராவோடு வந்த புத்தகத்தை நான் மேஜை ஆடாமலிருக்கக் காலுக்கடியில் முட்டுக் கொடுத்திருந்தேன், அம்மா அதை உருவிப் படித்திருக்கிறாள். ஒருநாள் விடிகாலையில் கேமராவைக் கொடுடா என்று வாங்கினாள். கண்ணாடியைக் கழற்றினாள், அவளுக்குத் தூரம்தான் தெரியாது, கிட்டத்தில் ஊசிமுனையும் தெரியும். ஜூமைச் சுத்தமாகக் குறைத்து, கிட்டத்தில் எடுப்பதற்கென்று பூப் படம் போட்டிருக்கும் பட்டனைத் தட்டி, முழங்கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றி, கிட்டே போய் மூச்சைப் பிடித்து எடுத்தாள். பாலை அடுப்பில் வைத்தேனே என்று ஓடிவிட்டாள். நான் என் பெயரில் அனுப்பிவிட்டேன்.

உன் கடிதத்தை அவள்தான் சத்தமாகப் படித்தாள். கொண்டை என்ற இடத்தில் நின்றாள், கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பதிலை நீயே எழுதிடு என்று பேனாவை வைத்துவிட்டுப் போனாள், அப்புறம் கேமராவைத் தொடவேயில்லை. மேஜை ஆட ஆட எழுதுகிறேன், புத்தகத்தைத் திரும்ப முட்டுக் கொடுக்க மனசு வரவில்லை.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், அச்சுக்குப் போகும் முன் பெயரை மாற்றிவிடு. இன்னாரின் அம்மா என்று போடாதே, அவள் முழுப் பெயர் போடு. அம்மா, அப்பாவின் ஆசிகள், இருமல் மருந்தை மறக்காதே.

இப்படிக்கு,
தற்காலிக அம்மாவாகிய உன் தம்பி

பி.கு. சிலந்தியார் குடிபெயர்ந்தது என்னால்தான். ஒரு படமாவது நானே எடுத்தேன் என்று உனக்கு எழுத ஆசைப்பட்டு நேற்று கிட்டே போனேன், தும்மிவிட்டேன். இலை மட்டும் நன்றாக வந்திருக்கிறது.