காற்றுக்கு வழிவிட்ட தகடுகள்

என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் விமானம் விழுந்து செத்துப்போனீர்களாம். அச்சுவேலிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்க நின்ற என்னிடமே ஒருவர் சொன்னார். "உயரத்திலையிருந்தே விழுந்தவர், பிள்ளை?" என்று விபரம் வேறு கேட்டார். காய்களை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக் கொட்டிலில் நீங்கள் கட்டிய அந்த ஒற்றை ஆள் விமானம், முதல் ஓட்டத்தில் எழும்பியும் வெட்டவெளியின் எல்லையில் நின்ற பனைகளைத் தாண்ட மாட்டாமல் இறங்கியது. பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

"பெரிய எஞ்சினாப் பாருங்கோவன்" என்றார் அண்ணி.

"எஞ்சின் போதும். காத்துத்தான் பிடிச்சு இழுக்குது" என்றீர்கள்.

எனக்கு விளங்கவில்லை. சாவகச்சேரி பஸ்ஸில் போகும்போது என் கையை யன்னலுக்கு வெளியே நீட்டச் சொன்னீர்கள். உள்ளங்கையைக் காட்டினேன், காற்று கையைப் பின்னுக்குத் தள்ளியது. கையைப் படுக்கவைத்தேன், விட்டுவிட்டது. "உவ்வளவுதான் விசயம்" என்றீர்கள்.

சக்கரங்களைத் தாங்கிய வட்டக் குழாய்கள்தான் பெரிய வில்லங்கமாம். அவற்றைச் சுற்றி அலுமினியத் தகட்டை மீனின் உடம்பு போல, முன்பக்கம் உருண்டு பின்பக்கம் ஒடுங்க வளைத்தீர்கள். சக்கரங்களுக்கும் அப்படியே மூடிகள். இறக்கையும் உடலும் சேருகிற இடைவெளிகளை அடைக்க நான் துணிப்பட்டி தைத்துத் தந்தேன்.

எஞ்சினை மாற்றவேயில்லை. அதே விமானம் பனைகளுக்கு மேலால் போய், கடலேரியைச் சுற்றிவந்து, துள்ளாமல் இறங்கியது. அண்ணி அழுதார். சிரித்தவர்களே கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் ஆமிக்காரரைக் கூட்டிவந்ததோ? துவக்குகளோடு ஜீப்பில் வந்தார்கள். சக்கர மூடியைச் சப்பாத்தால் உதைத்து, "இதுக்குள்ள என்ன ஒளிச்சது?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்கள்.

"ஒண்டுமில்லை ஐயா. காத்து வழுக்கிப் போறதுக்கு."

அவர்கள் நம்பவில்லை. தகடுகளைப் பிளந்தார்கள். என் துணிப்பட்டிகளைக் கிழித்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லாததுதான் அவர்களுக்கு ஆத்திரம். உங்களை ஏற்றிப் போனார்கள். திரும்பி வந்தபோது உங்களால் நிமிர முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னிடம் என்ன கேட்டீர்கள்? "தகடெல்லாம் வீணாப் போச்சுதோ?" உங்கள் உடம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை நினைத்தால் உங்கள்மேலும் கோபம் வருகிறது, அண்ணை.

இப்போது சொந்தக்காரரும் விழுந்தது என்றே சொல்கிறார்கள். விழுந்தது என்றால் ஒருவரும் துருவிக் கேட்கமாட்டார்கள். அண்ணிகூட, "அப்பிடியே இருக்கட்டும் மச்சாள். மகளை நான் வளர்த்தெடுக்க வேணும்" என்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைதட்டிய அத்தனை பேரில் ஒருவராவது, அவர் பத்திரமாக இறங்கினதைக் கண்டேன் என்று சொல்லக்கூடாதா?

நேற்று உங்கள் மகள் கேட்டாள்: "மாமி, அப்பா விழுந்தே செத்தவர்?"

அண்ணி அடுப்படியிலிருந்து என்னையே பார்த்தார். "பிறகு சொல்லுறன், குஞ்சு" என்றேன்.

ஆனால் சொல்வேன். அவள் தாங்குகிற வயதுக்கு வந்ததும், அண்ணி தடுத்தாலும், இருத்தி வைத்துச் சொல்வேன்: உன் அப்பா விழவில்லை, பிள்ளை. பறந்து போய், நல்லபடி இறங்கி, தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தவர். அவரை மனிதர்கள்தான் அடித்துக் கொன்றார்கள்.

வாக்குத் தவறாத
உங்கள் ஒரே தங்கச்சி