இரத்ததான அட்டை அவசரம்

அன்பின் உம்மாவுக்கு ஸலாம். முழங்கால் நோவு குறைந்ததா? தங்கச்சி ஆதிலா என் சைக்கிளை உடைத்துவிட்டாளா? நான் கொழும்பில் நல்ல சுகம்.

ஒரு சின்ன விசயம். போனில் சொன்னால் கத்துவீர்கள், அதனால்தான் கடிதம். ஊக்கமருந்துக் கள்ளர்களைப் பிடிக்கும் அதிகாரிகள் இரண்டு வருடமாக ஓட்டக்காரர்களான எங்கள் இரத்தத்தைச் சோதித்துப் பதிந்து வருகிறார்கள். என்னைப் பழைய என்னோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்த்தே களவைப் பிடிக்கும் உங்களைப் போல. இந்த முறை இரத்தம் குறைந்து, புது இரத்த அணுக்கள் கூடியிருந்தனவாம். இரத்தத்தை எடுத்து ஒளித்துவைத்து, போட்டிக்கு முன் திரும்ப ஏற்றுகிற கள்ளர்களுக்கும் இப்படித்தான் இருக்குமாம்.

"டேய் இன்பாஸ், ரத்தம் எங்கடா போச்சுது?" என்றார் கோச் அருளம்பலம் சேர்.

"ஊர்ப் பள்ளிவாசல்ல ரத்த தானம் குடுத்தன் சேர். பிஸ்கட்டும் தந்தாங்க."

"பிஸ்கட்டுக்கு ஓட்டத்த வித்துப்போட்டியேடா! அத்தாட்சியக் கொண்டா!"

ஓம் உம்மா, லீவில் வந்தபோது உங்களுக்கும் சொல்லாமல் கொடுத்தேன். அட்டை என் கணக்குக் கொப்பிக்குள் இருக்கிறது. நானே திறக்காத கொப்பி, நீங்களா திறப்பீர்கள்? இக்கடிதம் கொண்டுவரும் கோகிலனிடமே கொடுத்துவிடுங்கள். அட்டை வராவிட்டால் அடுத்த மாதம் ஓட விடமாட்டார்கள். கொஞ்சம் மாசிக் கருவாட்டுச் சம்பலும் அனுப்புங்கள். லேகியம் மட்டும் வேண்டாம்.

கோகிலன் வாசலில் நின்று கத்துகிறான். எந்த நாளில் எங்கே இருப்பேன் என்றும் அந்தச் சோதனை அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பெருநாளுக்கு 'மருதமுனை, உம்மாவின் குசினி, அடுப்படி' என்று எழுதிவிட்டேன். அவர்கள் இரத்தம் எடுக்கத் தேடி வந்தால் நான் அங்கே இருந்தாக வேண்டும்.

உங்கள் மகன்,
இன்பாஸ்