சுடலைக்கண்ணுவின் கால்

தென்காசி
12-8-1958

அன்பு மகள் ஆவுடைத்தாய்க்கு அப்பா எழுதுவது. காசி விசுவநாதர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே சாரல் நன்றாக விழுகிறது. போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போயிருந்தேன், அங்கேதான் சுரண்டை சுடலைக்கண்ணுவைப் பார்த்தேன். பர்மாச் சண்டையில் என்னோடு ஒரே பட்டாளத்தில் இருந்து, என்னைப் போலவே இடது காலைக் கொடுத்துவிட்டு வந்தவன். அவன் இரண்டு காலிலும் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பெண்டாட்டிக்குக் குடை பிடித்தபடி அருவிக்கரையில் நடந்து வருகிறான். எனக்கு இரண்டு கக்கத்திலும் கட்டை, உன் அம்மா நனைந்துகொண்டே கூட வருகிறாள். அவள் அந்தக் குடையைப் பார்த்ததை நானும் பார்த்தேன். அவன் கூப்பிட்டது காதில் விழாத மாதிரி பஸ் ஏறி வந்துவிட்டேன். மறைப்பானேன், பொறாமைதான், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அவன் விடவில்லை, வீட்டுக்கே வந்துவிட்டான். வேட்டியைத் தூக்கி மரக்காலைக் காட்டினான், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஏலே செல்லச்சாமி, நீயும் பட்டாளத்துக்காரந்தானலே, எனக்குத் தந்த சர்க்கார் ஒனக்கு மட்டும் இல்லைன்னா சொல்லுது, நீ போய்க் கேட்டியா என்றான். உன் அம்மாதான் எல்லாம் கேட்டுக்கொண்டாள். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டோடு பாளையங்கோட்டையில் சோல்ஜர் போர்டு ஆபீசுக்குப் போய் மனுக் கொடுக்க வேண்டுமாம், சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் காலைப் பார்த்து எழுதுவாராம், பிறகு பூனாவில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் அளவெடுத்துக் கால் செய்து, நடக்கவும் பழக்கி அனுப்புவார்களாம், எல்லாம் இலவசம். மறுநாளே பஸ் ஏறினேன். டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பு முனை துருத்திக்கொண்டிருக்கிறது, பூனாவில் கொஞ்சம் அறுத்துச் சரி செய்த பிறகுதான் கால் மாட்ட முடியும் என்றார். சுடலைக்கண்ணுவுக்கு அறுக்கவே இல்லையாம், அதிலும் அவனுக்குத்தான் அதிர்ஷ்டம். உன் அம்மா அழுகிறாள், இன்னொரு தடவ கத்தி வைக்கணுமா, கட்டையோடயே இருந்துட்டுப் போங்களேன்னு சொல்லுதா. எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவன் கை வீசி நடக்க, நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் அம்மா.

நேற்று பூனாவிலிருந்து உத்தரவு வந்துவிட்டது, ஆவணி பிறந்ததும் புறப்படுகிறேன். சுடலைக்கண்ணுவும் மரக்கால் வாரை மாற்ற வேண்டும் என்று கூடவே வருகிறான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், உன் அம்மா அதற்கு முன்பே அவனுக்கும் சேர்த்துக் கட்டுச்சோற்றுக்குப் புளி ஊறப்போட்டுவிட்டாள்.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், சின்னவளுக்கு என் முத்தம். அங்கே மழைக்காலம், அவளுக்குக் காய்ச்சின தண்ணீரே கொடு. நடக்கப் பழகியதும் பூனாவிலிருந்து எழுதுகிறேன், ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போ. சுடலைக்கண்ணுவும் அங்கே இருந்தாலும் இருப்பான். அவன் நாள்பட்டுப் பழகினவன், என்னைவிட நன்றாகத்தான் நடப்பான். அதை என் முன்னால் நீ சொல்ல வேண்டாம்.

உன் அப்பா,
செ. செல்லச்சாமி