விலாவுக்குள் இருந்தது

என்னங்க,

நீங்கள் பாறையிலிருந்து சுரண்டியெடுத்த இக்தியோசர் எலும்புக்கூட்டின் படம் வந்தது. தரையில் நடந்த பிராணி பல கோடி வருஷங்களுக்கு முன்னால் கடலுக்குத் திரும்பி, காலெல்லாம் துடுப்பாகி, விரலெலும்புகள் சோள முத்துகளாய்ப் பெருகியிருக்கும் அழகே அழகு!

ஆனால் விலாவுக்குள் கிடக்கும் சின்ன எலும்புகளை அது தின்ற இரை என்று எழுதிவிட்டீர்கள். உப்பளத்தில் என்னோடு வேலை செய்யும் பொன்னி தினம் மீன் அறுக்கிறவள். அவளிடம் காட்டினேன்.

“முழுங்குன இரை இப்படி வரிசையாவா இருக்கும்? குட்டிடி அது! வயித்துலயே வளந்திருக்குது” என்று சிரித்தாள்.

என் வாந்திக்கும் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதானே போனில் சொன்னீர்கள்?

நேற்று வானூர் ஆஸ்பத்திரியில் எனக்கும் ஒரு ஸ்கேன் படம் எடுத்தார்கள். அதிலும் ஒரு குட்டி முதுகெலும்பு தெரிகிறது. சீக்கிரம் வந்து பாருங்கள். அதையும் இரை என்று எழுதிவிடாதீர்கள்.

உங்கள்
உப்பளத்து வாயாடி