கொடிவெங்காயத்துக்குத் தண்ணீர் கூடாது

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மேல்காற்று. புழுதி. துவைத்துப் போட்ட சுடிதார் காய்வதற்குள் மறுபடி அழுக்கு.

கோடை விடுமுறை, விடுதி காலி. மெஸ் மூடிவிட்டார்கள். தாவரவியல் மேடம் வார்டனிடம் சொல்லி வைத்ததால் என் அறை மட்டும் திறந்திருக்கிறது. நான்கு கட்டில், ஒரு ஆள். இந்த மின்விசிறிக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று மற்ற மூவரும் இருந்தபோது தெரியவில்லை.

வேலை: கல்லூரி மூலிகைத் தோட்டம். அதிலும் கடைசிப் பாத்தி, வயல் வேலியோரம் உள்ளது. மேடத்தின் கொடிவெங்காயம். (தமிழ்ப் பெயர் நான் வைத்தது. புத்தகத்தில் போவியா.) தென்னாப்பிரிக்கச் செடி. அங்கே வீக்கத்துக்கும் கண்நோய்க்கும் மருந்து. அளவு மீறினால் இதயத்தையே நிறுத்திவிடும். மேடம் விதையிலிருந்து வளர்த்தது, ஒவ்வொன்றும் இப்போதுதான் கைப்பிடி அளவு வந்திருக்கிறது. பாதி மண்ணுக்குள், பாதி வெளியே, பச்சையாக வழவழவென்று. இலை கிடையாது. வளரும் பருவத்தில் உச்சியிலிருந்து நூல் நூலாக ஒரு கொடி ஏறும். பங்குனியில் கொடி காய்ந்தது. இனி அது தானாக விழிக்கும்வரை உறக்கம்.

மகளின் பிரசவத்துக்குப் பெங்களூர் கிளம்பும்போது மேடம் சொன்னது ஒன்றே ஒன்று: "தண்ணி மட்டும் காட்டிடாதம்மா. பட்டினி கிடந்தா பிழைச்சுக்கும், நனைஞ்சா போயிடும்."

ஆக என் வேலை தண்ணீர் ஊற்றாமல் இருப்பது. அதற்குச் சம்பளம். ஊரில் எப்படிச் சொல்ல?

ஜூன் 11, புதன்

இன்று பேசியவை, நினைவில் உள்ளவரை: "ஒரு தயிர் பாக்கெட்." "சில்லறை இருக்கு." "ஆமாங்க." "ஆமாங்க."

கடைசி இரண்டும் வேலியோரம். பக்கத்து வயல்காரர் நாற்றங்காலுக்கு மோட்டார் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பெயர் கலியமூர்த்தி. போனில் டிராக்டர்காரரிடம் கத்தும்போது தெரிந்துகொண்டது. அறுபது வயது இருக்கும். தலையில் துண்டு, தோளில் மண்வெட்டி.

"என்னா ஆயி, வெங்காயமா?"

இல்லை என்று ஆரம்பித்தால் தென்னாப்பிரிக்கா வரை போக வேண்டும். ஆமாங்க என்றேன்.

"காஞ்சு கெடக்குதே."

அதற்கும் ஆமாங்க.

அவர் முகம் வாடிவிட்டது. ஏன் என்று யோசிக்காமல் வந்துவிட்டேன். தயிர் புளித்திருந்தது.

ஜூன் 13, வெள்ளி

டீக்கடையில் நாலு பேர் ஒரே பேச்சு.

"மேட்டூர்ல தொறந்தாச்சு."

"தொறந்தா? நம்ம வாய்க்காலுக்கு வரணும்ல."

"வரும்யா. வராம எங்க போவும், கர்நாடகாவுக்கே திரும்பிப் போயிருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பெஞ்சின் இந்த ஓரத்தில். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அம்மா போன். "எம்மவ வெங்காயத்துக்குக் காவல் இருக்கான்னு சொன்னேன், கடத்தெருவே சிரிக்குது." அம்மாவும் சிரித்தாள். பிறகு, "சாப்டியா?" பிறகு இரண்டு பக்கமும் மின்விசிறிச் சத்தம்.

வாங்க வேண்டியவை: கொசுவர்த்தி, எலுமிச்சை, பேனா.

ஜூன் 18, புதன்

வாய்க்காலில் தண்ணீர். முதலில் நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலும், அதன் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர். நான்கு பெண்கள் பூவும் நெல்லும் தூவினார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "வா பொண்ணு, நீயும் தூவு" என்று கையை நீட்டினார். சிரித்துவிட்டு, மணி பார்ப்பதுபோல் போனைப் பார்த்துவிட்டு நடந்துவிட்டேன். எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

பாத்தி: மண் வெடித்து, வெங்காயங்களின் மேல்தோல் காகிதம்போல் உரிந்து. அப்படித்தான் இருக்க வேண்டும். நன்றாகத் தூங்குகின்றன.

ஜூன் 20, வெள்ளி

பாத்தி முழுதும் தண்ணீர்.

காலையில் போனபோது வேலிக்கு அந்தப் பக்கம் கலியமூர்த்தி நின்றிருந்தார். காலெல்லாம் சேறு. வரப்பை வெட்டி, கம்பி வேலிக்கு அடியில் வழி எடுத்து, தன் பங்குத் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பியிருக்கிறார். வெங்காயங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. வானம் தெரிந்தது பாத்தியில்.

"பாவம், பொம்பளப் புள்ள தெனமும் வந்து காஞ்ச பாத்தியப் பாத்துட்டுப் பாத்துட்டுப் போவுதே, காலேஜ்காரன் ஒரு மோட்டாரு போட்டுக் குடுக்கலியேன்னு எம் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொன்னேன். இந்தா, கட்டிட்டேன். இப்பப் பாரு."

இவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை நான் பல நாளாகப் பார்க்கவில்லை.

"ரொம்ப நன்றிங்க" என்றேன்.

"இதுக்கெல்லாம் என்னா ஆயி நன்றி."

அவர் மேட்டுக்குப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு கணுக்கால்வரை சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பத்தொன்பது. வாளியில் போட்டு அறைக்கு. மூன்று நடை. காலியான மூன்று கட்டிலிலும் செய்தித்தாள் விரித்துப் பரப்பினேன். அழுகைகூட வேலைக்கு நடுவில்தான். வெங்காயப் பால் பட்டு விரலெல்லாம் அரிப்பு.

இப்போது அறையில் எல்லாக் கட்டிலிலும் ஆள்.

ஜூன் 21, சனி

இரண்டு கொழகொழ. நாற்றம், செத்த எலிபோல. இன்னும் இரண்டு அடியில் மெத்தென்று. அழுகிய செதிலை வெட்டி எடுத்து, டீக்கடை அடுப்புச் சாம்பல் வாங்கிப் பூசினேன். கடைக்காரர், "பாத்திரம் வெளக்கவா?" ஆமாங்க.

அப்பா போன். வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல், பக்கத்து வயல்காரர் தண்ணீர் விட்டார் என்று மட்டும் சொன்னேன்.

"கேட்டியா?"

"இல்லப்பா. அவரா விட்டாரு."

"கேக்காமயா?"

"ஆமா."

அப்பா பிறர் வயலில் வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவருக்குத்தான் தண்ணீர் காத்தார். மடை முறைக்காக அடி வாங்கியிருக்கிறார். இப்போது குத்தகைக்கு எடுத்திருக்கும் கொஞ்ச நிலத்துக்கும் கடைசித் தண்ணீர்தான் வரும்.

"பெரிய மனுசன் பாப்பா. கண்டா கும்புடு."

வெங்காயம் அழுகுவதைச் சொல்லவில்லை. அவர் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. அதிலும் தண்ணீர் ஊற்ற என்னால் முடியவில்லை.

ஜூன் 23, திங்கள்

நான்கும் போய்விட்டன. சாம்பல் பூசியவையும்தான். வேப்பமரத்தடியில் புதைத்தேன். நாய் தோண்டாதபடி மேலே கல்.

மற்ற பதினைந்திலும் லேசாக வெள்ளைப் பூசணம் தெரிகிறது. அறையில் காற்று போதவில்லை. மேடத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதி அனுப்பினேன். பதில் குரலில் வந்தது, பின்னால் குழந்தை அழுகிறது: "இருக்கிறதைக் காப்பாத்து. உள்ள வைக்காதே. வெயிலும் காத்தும் வேணும். மணல் கொட்டி மேடாக்கி அங்கேயே வை. அந்த ஆள்கிட்ட சொல்லிட்டியா?"

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சொல்லவில்லை.

மாலையில் அவரே வேலிக்கு வந்தார்.

"புடுங்கிட்டியா? அதுக்குள்ளயா?"

"ஆமாங்க."

"வெங்காயம் தேறலியோ. சரி வுடு, திரும்ப நடு. நாத்தங்காலுக்குக் கட்டுறப்பல்லாம் ஒனக்கும் ஒரு பங்கு வுட்டுர்றேன்."

"சரிங்க."

சரிங்க!

ஜூன் 24, செவ்வாய்

மணல் சுமந்தேன். கட்டடம் கட்டி மிஞ்சிய குவியலிலிருந்து. தோள் காந்துகிறது. பாத்தி முழங்கால் உயரத்துக்கு ஏறியது. ஆனால் தினமும் தண்ணீர் நின்றால் மணலும் அடியிலிருந்து உறிஞ்சும்.

சொல்ல வேண்டிய வாக்கியம், கண்ணாடி முன்னால்:

- சார், தண்ணீர் வேண்டாம். (சார் என்றால் சிரிப்பார்.)
- ஐயா, கொஞ்சம் தண்ணி விடாம இருந்தா நல்லாருக்கும். (ஐயா என்று அப்பா சொல்வார். என் வாயில் வரவில்லை.)
- அண்ணா. (அறுபது வயது!)
- எங்க மேடம் வேண்டாம்னு சொல்றாங்க. (கோழைத்தனம்.)
- தண்ணி வேண்டாங்க.

கடைசி சரி. ஆனால் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால், நீட்டிய கையைத் தட்டிவிடுவதுபோல் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாராவது எப்போதாவது, யாரிடமாவது, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்களா?

கட்டிலில் பதினைந்தும் கேட்டுக்கொண்டிருந்தன.

ஜூன் 26, வியாழன்

விடியும்போதே நட்டுவிட்டேன். மண்ணில் கொஞ்சம், மீதி வெளியே, இடைவெளி விட்டு. வேலியோரம் நின்றேன்.

வந்தார். "நட்டாச்சா? சபாஷ்." மண்வெட்டியை இறக்கி, வரப்பில் முதல் வெட்டுக்கு ஓங்கினார்.

"வெட்டாதீங்க!"

கத்திவிட்டேன். நாள் கணக்கில் பேசாத தொண்டை, எவ்வளவு சத்தம் வரும் என்று அதற்கே தெரியவில்லை. பாடம் பண்ணிய வாக்கியம் ஒன்றும் இல்லை. மண்வெட்டி அப்படியே நின்றது.

"என்னா?"

"தண்ணி வேண்டாங்க."

"ஏன்?"

"இது சாப்புடுற வெங்காயம் இல்லீங்க. மருந்து. வெளிநாட்டுது. இப்பத் தூங்குது. தூங்குறப்ப நனஞ்சா அழுவிரும்."

"தூங்குதா?"

"ஆமாங்க."

அவர் பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க வாய்க்காத் தண்ணி ஆவாதா அதுக்கு?"

"எந்தத் தண்ணியும் ஆவாதுங்க."

"அப்ப அன்னிக்கி வுட்டது?"

"நாலு செத்துருச்சுங்க."

"அட கொடுமையே. அன்னிக்கே ஏன் ஆயி சொல்லல? நன்றின்னுல்ல சொன்ன!"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா நின்னீங்க."

அவர் மண்வெட்டியை இறக்கினார். வரப்பு மண்ணைக் காலால் தள்ளினார். அன்றைக்கு வேலிக்கு அடியில் எடுத்த வழியை அடைத்தார். நாலைந்து முறை மிதித்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பாரா, பயப்படுவாரா.

ஜூன் 28, சனி

பாத்தி காய்ந்திருக்கிறது. பூசணம் போய்விட்டது.

அவர் நாற்றங்காலுக்கு வருகிறார், போகிறார். இந்தப் பக்கம் பார்ப்பதில்லை. இன்று வேண்டுமென்றே வாளியைக் கீழே போட்டுச் சத்தம் செய்தேன். துண்டை உதறிக் கட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார்.

கேட்டது கிடைத்தது. 'என்னா ஆயி' என்று ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவும் நின்றது.

கட்டில்களில் செய்தித்தாள் அப்படியே கிடக்கிறது. எடுக்க மனம் வரவில்லை. ஒவ்வொன்றும் உட்கார்ந்த இடத்தில் வட்டமாக ஈரக்கறை.

ஜூலை 2, புதன்

மழை மாதிரி இருட்டி, பெய்யவில்லை. நல்லது.

பேசியவை: எதுவும் இல்லை. தயிர்க்கடைப் பையன் நான் வாய் திறக்குமுன் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டான்.

ஜூலை 10, வியாழன்

நாற்றுப் பறிப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பெண்கள், குனிந்த முதுகுகள், ஓயாத பேச்சு. நான் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம், களை எடுக்கும் பாவனையில். அவர்களில் ஒருவர் நாற்றங்காலில் நின்ற தண்ணீரை வடிய விட மண்வெட்டியோடு வேலியோரம் வந்தார். அன்றைக்குப் பூ நீட்டியவர். சரிவு என் பாத்திப் பக்கம்தான். வரப்பில் ஒரு வெட்டு விழுந்துவிட்டது.

நான் எழுந்திருக்குமுன் வயலின் அந்தக் கோடியிலிருந்து கலியமூர்த்தி:

"ஏ, அங்க வெட்டாத! அந்தப் பக்கம் வுடாத!"

"ஏங்க, வேற எங்க வுடுறது?"

"தெக்கால வுடு. அங்க அந்தப் புள்ளயோட வெங்காயம் தூங்குது!"

குனிந்த முதுகுகள் நிமிர்ந்தன. பிறகு நாற்றங்கால் முழுதும் சிரிப்பு.

"வெங்காயம் தூங்குதாம்டி!"

"கொறட்ட வுடுதாங்க?"

"எம் புருசனும் அந்த ஜாதிதான் போலருக்கு, தண்ணி பட்டா அன்னியோட சரி."

கலியமூர்த்தி சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. நாலு செத்துருச்சு" என்றார். சாவு வீட்டுக் குரல். அதற்கும் சிரித்தார்கள். மண்வெட்டிக்காரப் பெண் வெட்டிய மண்ணை அடைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தபடி வேலிக் கம்பியில் சாய்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏ பொண்ணு, நெசமாவே தூங்குதா?"

போனைப் பார்க்கவில்லை. மரத்தைவிட்டு வெளியே வந்தேன்.

"இப்பத்தாங்க கண்ணசந்துச்சு. சத்தம் போடாதீங்க."